காய்கறிப் பாத்திக்குக் காவல்: வீட்டிலேயே செய்யும் நத்தைப் பொறிகள்

மாலையில் நட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்த நாற்று, மறுநாள் காலையில் வெறுந் தண்டாக நிற்கின்றது. சில இடங்களில் தண்டும் இல்லை. பாத்தியைச் சுற்றிலும் வெள்ளி இழையைப் போன்ற ஒரு கோடு மட்டும் வெயிலில் மின்னுகின்றது. தோட்டப்புறத்தில் வீட்டுக்குப் பின்னால் கீரையும் காய்கறியும் பயிரிடும் குடும்பங்கள் அனைத்தும், குறிப்பாக மழைக்காலத்தில், இக்காட்சியைக் கண்டிருக்கும். பத்து நாள் உழைப்பு ஓர் இரவில் போய்விட்டதே என்று மனம் சலிப்பதும் உண்டு.

வீட்டருகே காய்கறி பயிரிடுவது நம் நாட்டில் நெடுங்காலமாக ஊக்குவிக்கப்பட்டு வரும் நற்பழக்கமாகும். உணவுப் பொருள்களின் விலை ஏறியிருந்த 1974ஆம் ஆண்டில், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி வைத்து, கிடைக்கும் சிறு நிலத்திலும் உணவுப் பயிர் செய்யும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த அறிவுரையின் பயன் இன்றும் குறையவில்லை. நான்கு பாத்தி கீரையும், வேலியோரம் பயற்றங்காயும், மூலையில் சில மிளகாய்ச் செடிகளும் இருந்தால், மாதந்தோறும் கடைக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு வீட்டிலேயே தங்கிவிடும். அப்பங்கை நத்தைக்கு இரையாக விட்டுவிடலாமா?

விடவேண்டியதில்லை. விலையுயர்ந்த மருந்தும் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழைய பலகை, சாக்கு, சிரட்டை, போத்தல் ஆகியவற்றைக் கொண்டே நத்தைகளைப் பிடித்துக் குறைக்க இயலும். அவற்றை எவ்வாறு செய்வது, எங்கே வைப்பது, பிடிபட்டவற்றை என்ன செய்வது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. நத்தையினால் மனிதருக்கு வரக்கூடிய ஒரு நோயைப் பற்றியும், நஞ்சு வைப்பதிலுள்ள ஆபத்தைப் பற்றியும் இறுதியில் கூறப்பட்டுள்ளது. அப்பகுதியைப் படிக்காமல் எவரும் பொறி வைக்கத் தொடங்க வேண்டாம்.

எதிரியை அறிவோம்

நம் தோட்டங்களில் பயிரை அழிப்பவை இருவகை. முதல் வகை, முதுகில் கூம்பு வடிவான பழுப்பு ஓட்டைச் சுமந்து திரியும் பெரிய நத்தை. இதனை மலாய்மொழியில் ‘சிப்புட் பாபி’ என்பர். இது நம் மண்ணுக்கு உரியதன்று; கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847ஆம் ஆண்டில் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1900ஆம் ஆண்டளவில் இலங்கையில் காணப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவிலும் பரவிவிட்டது. ஒரு நத்தை ஓராண்டில் ஏறத்தாழ 1,200 முட்டைகள் வரை இடக்கூடும். ஒன்றுதானே என்று விட்டுவைப்பது எத்தகைய தவறு என்பதை இந்த ஒரு கணக்கே உணர்த்தும்.

இரண்டாம் வகை ஓடில்லா நத்தை. மலாய்மொழியில் ‘லிந்தா பூலான்’ எனப்படுவது இதுவே. இவற்றுள் சில கறுத்துத் தட்டையாகத் தோல்துண்டைப் போல் இருக்கும். வேறு சிலவற்றின் முதுகில், விரல் நகத்தைப் போன்ற சிறு ஓடு ஒன்று பாதி மறைந்து காணப்படும். இந்த அரையோட்டு நத்தை பால்மரம் சீவுவோருக்குப் புதியதன்று. மழை பெய்த மறுநாள் மரத்தில் ஏறி, வெட்டிய பட்டையில் வழியும் பாலைக் குடிப்பது இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். நாற்றுமேடையில் இளங்கன்றுகளின் குருத்தையும் ஒட்டுக்கட்டிய மொட்டையும் தின்றுவிடுவதால், ரப்பர்ப் பயிருக்கும் இது பகையாகக் கருதப்படுகின்றது. நிரையில் நாம் காணும் எதிரியே வீட்டுப் பாத்திக்கும் வருகின்றது.

நத்தையின் உடலில் பெரும்பகுதி தண்ணீரே. வெயில் பட்டால் உலர்ந்து இறந்துவிடும். ஆகவே பகல் முழுவதும் கல், பலகை, காய்ந்த இலை, புல், பழைய தகரம் ஆகியவற்றின் அடியில் ஒளிந்திருந்து, இருட்டிய பின்னரும் மழை பெய்யும்போதும் மட்டுமே இரைதேட வெளிவரும். அதன் வாயில் அரம் போன்ற நாக்கு ஒன்றுண்டு. ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் அமைந்த அந்நாக்கினால் இலையைச் சுரண்டித் தின்கின்றது. கண்ணைவிட மோப்பத்தையே நம்பி உணவைத் தேடுகின்றது. மேலும், ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் ஆகிய இரு பாலின் உறுப்புகளும் இருப்பதால், எல்லா நத்தைகளும் முட்டையிட வல்லவை.

நிழலை நாடுதல், ஈரத்தை நாடுதல், மணத்தைத் தேடி வருதல் ஆகிய மூன்று பழக்கங்களே நத்தையின் பலவீனம். நாம் செய்யப் போகும் பொறிகள் அனைத்தும் இம்மூன்றையும் பயன்படுத்திக் கொள்வனவே.

முதலில் உறுதி செய்க

இலையில் ஓட்டை கண்டவுடனே நத்தையின் மேல் பழி போடலாகாது. வெட்டுக்கிளியும் புழுவும் இலையைத் தின்பனவே. புழு தின்ற இடத்தில் சிறு கரும் உருண்டைகளாக எச்சம் கிடக்கும். நத்தை வந்து போன இடத்தில் காய்ந்த சளிக்கோடு மின்னும். ஐயம் இருப்பின், இரவு எட்டு அல்லது ஒன்பது மணிக்குக் கைவிளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பாத்தியை ஒருமுறை சுற்றி வருக. மழை விட்ட இரவாயின் இன்னும் நன்று. குற்றவாளி கையும் களவுமாக அகப்படுவான்.

அப்போதே கண்ணில் படுபவற்றைப் பிடித்து அகற்றிவிடலாம். ஆனால் வெறுங்கையால் தொடுதல் கூடாது. கையுறை அணிக, இல்லையேல் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்க, அல்லது பழைய இடுக்கியைப் பயன்படுத்துக. இதன் காரணம் பின்னர் கூறப்படும்.

முதற் பொறி: பலகையும் சாக்கும்

இது செலவே இல்லாத பொறி. ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் நீள அகலமுள்ள பழைய பலகைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் அடிப்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு சிறு கற்களின் மேல், தரையிலிருந்து விரற்கடை அளவு உயர்ந்திருக்குமாறு பாத்தியின் ஓரத்தில் வைக்க வேண்டும். அந்த இடைவெளியே நத்தை நுழையும் வாசலாகும். பலகை இல்லாதவர்கள் உரச்சாக்கு அல்லது கோணிச்சாக்கை நான்காக மடித்து, நனைத்துப் பரப்பலாம்.

இரவு முழுதும் மேய்ந்த நத்தைகள், விடியுமுன் ஒளிய இடம் தேடும். அருகிலேயே குளிர்ந்த, ஈரமான, இருண்ட இடம் இருப்பதால் அதன் அடியிலேயே புகுந்துகொள்ளும். காலையில் பலகையைத் திருப்பினால் அவை கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றைச் சுரண்டி வாளியில் போட்டுவிட வேண்டும்.

பால்மரம் சீவுவோர் விடியுமுன்னே பெரட்டுக்குச் செல்லவேண்டியிருப்பதால், காலையில் பலகையைத் திருப்ப நேரம் இராது. அதனால் தவறில்லை. பகல் முழுதும் நத்தை அங்கேயே கிடக்கும். வேலை முடிந்து வந்தபின், மாலை வெயில் தாழுமுன் திருப்பினால் போதும். ஆனால் இருட்டும்வரை விட்டுவைத்தல் கூடாது. இருட்டியபின் அது பொறியாக இராமல் நத்தைக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடாகிவிடும்.

இரண்டாம் பொறி: பழத்தோலும் சிரட்டையும்

பப்பாளித் தோல், தர்ப்பூசணித் தோல், வாடிய முட்டைக்கோசு இலை, வெள்ளரித் துண்டு முதலியன சமையலறையில் நாள்தோறும் மீந்து போகின்றன. இவற்றைத் தேங்காய்ச் சிரட்டையின் அடியில் வைத்து, சிரட்டையைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒரு சிறு கல்லை முட்டுக் கொடுத்து வைத்தால், உணவும் நிழலும் ஒருங்கே அமைந்த பொறி கிடைக்கும். நாற்று நடுவதற்கு மூன்று நான்கு நாள் முன்னதாகவே இதனை வெறும் பாத்தியில் வைத்துப் பிடித்துவிடுதல் சிறந்தது. பசித்த நத்தை காத்திருக்கும் மண்ணில் இளநாற்றை நடுதல், விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

தோலும் இலையும் அழுகுமுன், இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுக. இல்லையேல் ஈயும் எலியும் வந்து சேரும்.

மூன்றாம் பொறி: புளித்த மாவுக் கோப்பை

நொதித்துப் புளித்த பொருளின் மணம் நத்தையைத் தொலைவிலிருந்தே இழுக்கும். இதனால்தான் மேல்நாடுகளில் பீர் ஊற்றிய கிண்ணத்தை மண்ணில் புதைத்து வைப்பர். அவ்வாறு செய்ய நாம் பீரோ கள்ளோ வாங்கவேண்டியதில்லை. நத்தையைக் கவர்வது நொதியின் மணமே. அது வீட்டு மாவிலேயே கிடைக்கின்றது. அமெரிக்காவின் ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பங்கேற்று 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஈஸ்ட் கலந்து புளிக்க வைத்த ரொட்டி மாவு நத்தைகளைக் கவரும் மலிவான, நஞ்சற்ற பொருள் என்று கண்டறியப்பட்டது.

செய்முறை வருமாறு:

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு குவளை. கோதுமை மாவு இரண்டு மேசைக்கரண்டி. சீனி ஒரு தேக்கரண்டி. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. இவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் நுரைத்துப் பொங்கும். அளவுக்கு மேல் புளித்துப் போன தோசை மாவு மீந்திருந்தால், அதனையும் சிறிது தண்ணீர் விட்டுக் கரைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

ஏறத்தாழ 8 முதல் 10 செண்டிமீட்டர் ஆழமுள்ள தகர டின் அல்லது பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைப் பாத்தியின் ஓரத்தில் புதைக்க வேண்டும். வேலைத்தளத்துக் கோப்பைகளை எடுத்தல் கூடாது. அவை நிருவாகத்தின் உடைமை. வீட்டிலேயே போதிய டின்கள் கிடைக்கும். புதைக்கும்போது கிண்ணத்தின் விளிம்பு தரைமட்டத்துக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு செண்டிமீட்டர் உயர்ந்திருத்தல் வேண்டும். நத்தை அதில் எளிதாக ஏறிவிடும். ஆனால் நத்தையைத் தின்று நமக்கு நன்மை செய்யும் தரை வண்டுகள் தவறி உள்ளே விழமாட்டா. கலவையைக் கிண்ணத்தின் பாதி அளவுக்கு ஊற்றுக. நிறைய ஊற்றினால் நத்தை விளிம்பில் இருந்தபடியே குடித்துவிட்டுப் போய்விடும்.

நம் நாட்டு மழைக்குக் கூரையில்லாத கிண்ணம் ஓர் இரவும் தாங்காது. ஆதலால் நான்கு குச்சிகளை நட்டு, அவற்றின் மேல் ஒரு தகரத் துண்டையோ பழைய தட்டையோ வைத்து மூடுக. நத்தை நுழைய மூன்று நான்கு விரற்கடை இடைவெளி இருந்தால் போதும்.

பெரிய பிளாஸ்டிக் போத்தலைக் கொண்டும் இதே பொறியைச் செய்யலாம். போத்தலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, வாய் உள்நோக்கி இருக்குமாறு தலைகீழாக அடிப்பகுதிக்குள் செருகுக. உள்ளே கலவையை ஊற்றி, வாய்ப்புறம் சற்று மேல்நோக்கி இருக்குமாறு மண்ணில் படுக்க வைக்க வேண்டும். சிறு நத்தைகள் புனல் வழியாக உள்ளே புகுந்துவிட்டால் வெளியேறும் வழியை எளிதில் காணமாட்டா. கூரையும் தனியே தேவையில்லை. ஓட்டுடன் கூடிய பெரிய நத்தைக்கு இது பயன்படாது. அதற்குப் பலகையும் கைவிளக்குமே ஏற்றவை.

ஒரு பொறியின் மணம் நெடுந்தொலைவு செல்லாது. எனவே, நீண்ட பாத்தியாயின் மீட்டருக்கு ஒன்றாக வைத்தல் நன்று. செடியின் நடுவே வைக்காமல், நத்தை வரும் பக்கமாகிய வேலி, வடிகால், புல்மேடு ஆகியவற்றை நோக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் அது பயிரை அடையுமுன் பொறியை அடையும்.

கொசுவை வளர்த்துவிடாதீர்

நத்தையைப் பிடிக்கப் போய் டிங்கிக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்ளுதல் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பறக்கும் கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மழைநீர் கலந்து கவனிப்பாரற்றுக் கிடக்கும் டின் அதற்கு ஏற்ற தொட்டில் ஆகும். ஆதலால், மூன்று நாளுக்கு ஒருமுறை கலவையை அகற்றி, கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவிப் புதியதாக ஊற்ற வேண்டும். ஊருக்குச் செல்லும் நாள்களில் எல்லாக் கிண்ணங்களையும் எடுத்துக் கவிழ்த்துவிட வேண்டும். இறந்த பெரிய நத்தையின் ஓட்டிலும் மழைநீர் தேங்கும். அதனை உடைத்துப் புதைத்துவிடுக. கொசு வளர இடந்தருவது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பிடிபட்டவற்றை என்ன செய்வது?

பிடித்த நத்தையை வேலிக்கு அப்பால் வீசியெறிவது பலருடைய வழக்கம். அது திரும்பி வரும். வராவிடில் அடுத்த வீட்டாரின் கீரைக்குப் போகும். இதனால் பயனில்லை.

இதற்கென்று மூடியுள்ள பழைய வாளி ஒன்றைத் தனியே ஒதுக்குக. ஏழு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு உப்பு என்னும் அளவில் கரைத்து, அதில் நத்தைகளைப் போட்டு, மூடி, மறுநாள் வரை வைக்க வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றுவது இன்னும் விரைவான வழி. பின்னர், கிணறு, வடிகால், காய்கறிப் பாத்தி ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்துவிடுக. மாவுப் பொறியில் மூழ்கி இறந்தவற்றையும், அந்தக் கலவையையும் இவ்வாறே அகற்ற வேண்டும். அக்கலவையை உரமென்று எண்ணிச் செடிக்கு ஊற்றலாகாது. வாளியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது.

மண்ணைக் கொத்தும்போது ஜவ்வரிசியைப் போன்ற முட்டைகள் குவியலாகக் கிடைக்கும். அவற்றையும் எடுத்து உப்புநீரில் போடுக. ஒரு குவியலை அழிப்பது நூறு நத்தைகளைப் பிடிப்பதற்குச் சமம்.

எலி, நத்தை, மனிதர்

வெறுங்கையால் தொடவேண்டாம் என்று முன்னர் கூறியதன் காரணம் இதுதான்.

எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகை மெல்லிய புழு உண்டு. 1935ஆம் ஆண்டில் சீனாவின் கேண்டன் நகரில் எலிகளிடம் முதலில் கண்டறியப்பட்டது. எலியின் எச்சத்தில் அப்புழுவின் குஞ்சுகள் வெளிவருகின்றன. எச்சத்தை நத்தை தின்னும்போது அவை நத்தையின் உடலில் புகுந்து வளர்கின்றன. அந்த நத்தையை, அல்லது கீரையில் ஒட்டியிருக்கும் குட்டி நத்தையைத் தெரியாமல் பச்சையாக மனிதர் உட்கொண்டால், புழு மூளையைச் சென்றடைந்து மூளையுறை அழற்சியை உண்டாக்கும். மனிதரிடம் இந்நோய் 1945ஆம் ஆண்டில் தைவானில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பெரிய ஆப்பிரிக்க நத்தையும், பால்மரத்தில் ஏறும் அரையோட்டு நத்தையும் இப்புழுவைச் சுமக்க வல்லவை.

கடுமையான தலைவலி, கழுத்து விறைத்தல், வாந்தி, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்களில் இவை தோன்றும். பலருக்குத் தானே தணிந்துவிடும் எனினும், சிலருக்கு உடல் ஊனமும் உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. ஆகவே இத்தகைய அறிகுறி கண்டவுடன் மருத்துவமனைக்குச் சென்று, நத்தையைத் தொட்டதையோ பச்சைக் காய்கறி உண்டதையோ மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

இதிலிருந்து காத்துக்கொள்ளுதல் எளிது. கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவி, இலையின் அடிப்புறத்தையும் பார்க்க வேண்டும். நன்கு வேகவைத்த கீரையினால் இந்நோய் வராது. ‘ஊலாம்’ போன்று பச்சையாக உண்ணும் இலைகளுக்கு இருமடங்கு கவனம் தேவை. மூலநோய்க்கு மருந்து என்றோ, வேறு கைவைத்தியம் என்றோ கருதி நத்தையைப் பச்சையாக விழுங்குதல் அறவே கூடாது. நத்தை பிடித்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். சிறு பிள்ளைகள் நத்தையை வைத்து விளையாடுவதையும், ‘இத்தனை நத்தை பிடித்தால் இத்தனை காசு’ என்று அவர்களை வெறுங்கையோடு அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும்.

நத்தை குறைந்தால் மட்டும் போதாது; எலியும் குறைய வேண்டும். குப்பையை மூடி வைப்பதும், கோழித் தீவனத்தை இரவில் வெளியே விடாமலிருப்பதும் இதன் பொருட்டே.

நஞ்சு உருண்டையும் அதன் ஆபத்தும்

கடைகளில் நீலம் அல்லது பச்சை நிறத்தில் நத்தைக்கொல்லி உருண்டைகள் விற்கப்படுகின்றன. இவற்றுள் பல, மெட்டால்டிஹைடு என்னும் நஞ்சைத் தவிட்டுடன் கலந்து செய்யப்பட்டவை. நத்தையை இழுக்கும் அந்தத் தவிட்டு மணம் நாயையும் கோழியையும் இழுக்கும். நாய் தின்றால் சில மணி நேரத்தில் உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு இறக்க நேரிடும். மிட்டாயென்று எண்ணித் தவழும் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வரும் துன்பத்தைச் சொல்லவும் வேண்டுமோ? இந்நஞ்சினால் பிற உயிர்களுக்கு நேரும் கேட்டைக் கருதியே, பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி முதல் திறந்தவெளியில் அதனைப் பயன்படுத்துதல் தடை செய்யப்பட்டது.

வரிசையாக வீடுகளும், பொது முற்றமும், அவிழ்த்துவிட்ட கோழிகளும், ஓடியாடும் பிள்ளைகளும் உள்ள குடியிருப்பில் இத்தகைய உருண்டையைத் தூவுதல் விவேகம் ஆகாது. தவிர்க்க இயலாமல் வாங்க நேர்ந்தால், இரும்புப் பாஸ்பேட்டினால் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்குக. அது நாய், கோழி முதலியவற்றுக்குக் குறைந்த தீங்கே விளைப்பது. எதுவாயினும் உறையில் அச்சிட்டுள்ள அளவை மீறாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். மருந்தைக் குடிபான போத்தலில் மாற்றி ஊற்றி வைப்பது பெருந்தவறு.

உப்பும் முட்டையோடும்

நத்தையின் மேல் உப்பைத் தூவினால் அது சுருண்டு இறக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்த உப்பு மண்ணில் இறங்கிச் செடியின் வேரையும் கெடுக்கும். ஆகவே உப்பின் இடம் வாளியே, பாத்தி அன்று.

முட்டையோட்டை நொறுக்கிச் செடியைச் சுற்றிப் போட்டால் நத்தை வராது என்பர். 2018ஆம் ஆண்டில் பிரிட்டனின் அரச தோட்டக்கலைக் கழகம் கீரைவகைச் செடியில் செய்து பார்த்த சோதனையில், முட்டையோடு, கூர்மணல், செப்புத் தகடு முதலிய தடைகள் குறிப்பிடத்தக்க பயன் எதனையும் தரவில்லை. சாம்பல் உலர்ந்திருக்கும்வரை சிறிது தடுக்கும்; நம் ஊரில் ஒரு மழைக்கு மேல் நிற்காது. முட்டையோட்டை எருக்குழியில் போடுக. அங்கே அதற்குப் பயனுண்டு.

நத்தை தங்காத தோட்டம்

பொறி வந்ததைப் பிடிக்கும். துப்புரவு வராமலே தடுக்கும். வேலியோரப் புல்லை வெட்டுக. அடுக்கிக் கிடக்கும் பழைய தகரம், உடைந்த செங்கல், விறகு ஆகியவற்றைப் பாத்தியிலிருந்து விலக்குக. வடிகாலில் அடைத்திருக்கும் இலைகளை வாருக. பாத்திக்கு மூடாக்கு இடுவது மண்ணுக்கு நல்லதே. எனினும் நாற்று வேரூன்றும்வரை அதனை ஒரு சாண் தள்ளி வைத்தல் வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் நேரமும் முக்கியம். காலையில் ஊற்றுவதே சிறந்தது; இரவுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். விடியலில் வேலைக்குச் செல்வோர், மாலை நான்கு மணியளவில், இலையின் மேல் இறைக்காமல் வேரடியில் மட்டும் ஊற்றினால் போதும். இருட்டும் நேரத்தில் பாத்தி முழுவதையும் நனைப்பது, நத்தைக்கு வழியை மெழுகிக் கொடுப்பதாகும்.

விதையை நேரே பாத்தியில் தூவாமல், கத்தரி, மிளகாய், சாவி முதலியவற்றைத் தரைக்கு மேல் உயர்ந்த பலகையில் டின்களில் வளர்த்து, நான்கைந்து இலை விட்டபின் நடுக. முற்றிய நாற்று ஓரிரவுக் கடியைத் தாங்கும், முளை தாங்காது. வாத்து வளர்ப்போர், செடி வளர்ந்த தோட்டத்தில் காலையில் அரைமணி நேரம் மேயவிட்டால் நத்தையைத் தேடித் தின்றுவிடும். ஆனால் இளநாற்றுப் பக்கம் விடலாகாது. அதனையும் அது மிதித்து உண்டுவிடும்.

ஒற்றுமையாகச் செய்வோம்

ஒரு வீட்டார் மட்டும் பொறி வைத்தால், அடுத்த வீட்டுப் புல்மேட்டிலிருந்து நத்தை வந்துகொண்டேயிருக்கும். ஒரு வரிசையிலுள்ள குடும்பங்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் தொடங்கி, ஒரு மாதம் விடாமல் செய்தால் பலன் கண்கூடாகத் தெரியும். மாதர் குழுவினரும் இளைஞர் மன்றத்தினரும் இதனை முன்னின்று நடத்தலாம். நாள்தோறும் எத்தனை பிடிபட்டன என்று சுவர் நாட்காட்டியில் குறித்து வருக. முதல் வாரத்தில் நாற்பது, ஐம்பது என்று இருக்கும் எண்ணிக்கை, நான்காம் வாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தால், முயற்சி சரியான வழியில் செல்கின்றது என்று கொள்ளலாம். குறையாவிடில், முட்டையிடும் மறைவிடம் ஏதோ அருகில் உள்ளதென்று அறிந்து தேடுக.

நத்தையை அடியோடு ஒழிக்க யாராலும் இயலாது. மழை உள்ளவரை அதுவும் இருக்கும். ஆனால், நம் பிள்ளைகளின் தட்டுக்குச் செல்லவேண்டிய கீரை அவர்கள் தட்டுக்கே செல்லுமாறு செய்ய நம்மால் இயலும். அதற்கு வேண்டியவை ஒரு பலகைத் துண்டு, ஒரு பழைய டின், ஒரு கரண்டி மாவு, நாளொன்றுக்குப் பத்து நிமிட நேரம். இன்று மாலையே பலகையை நனைத்து வைத்து, நாளை திருப்பிப் பாருங்கள்.